சூரியன் நாளைக்கு

ரஜப் மாதம் பிறை பதினொன்று, மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம். பெண்கள் கூடும் தைக்காவில் ஏழு பேர் ஓதிக்கொண்டிருந்தார்கள். எட்டாவதாக வந்த ராவியா குர்ஆனைத் திறக்காமல் ஆலிமாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஆலிமா, நல்லதை ஓதினா கெட்டது நடக்குமா?"

ஆலிமா நஃபீஸாவுக்கு வயது முப்பத்துநான்கு. அவளிடம் பாடம் ஓதும் ராவியாவுக்கு அறுபது.

"என்ன ஓதுனீங்க லாத்தா?"

"யாசீன்."

"எங்கே?"

"ஜுலைகா தலைமாட்டுல."

ஓதிக்கொண்டிருந்த ஏழு பேரும் நிறுத்தினார்கள்.

அந்த ஊரில் நோயாளியின் தலைமாட்டில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினால், கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஜுலைகாவுக்குக் கல்லீரலில் கட்டி. இரண்டு மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டார் அவளிடம் காமாலை என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள்.

"மவுத்துக்குன்னு நினைச்சு ஓதல, ஆலிமா. என்கிட்ட இருந்ததுல அதுதான் பெருசு. அதைக் கொண்டுபோனேன்."

அது உண்மை. ராவியா சின்ன வயதில் ஓதப் போனவள் இல்லை. தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்தே வளர்ந்தாள். கட்டிய மாப்பிள்ளை மவுத்தாகி விதவையான பிறகு, ஐம்பத்தேழு வயதில், அலிஃப் என்ற முதல் எழுத்தில் தொடங்கினாள். யாசீனின் எண்பத்து மூன்று ஆயத்தை, அத்தனை வசனத்தையும், மனப்பாடம் செய்ய இரண்டு வருஷம் பிடித்தது. எதிரே ஆலிமா இல்லாமல், கையில் குர்ஆனும் இல்லாமல் அவள் ஓதியது அன்றுதான் முதல் தடவை. ஜுலைகா எதிர்வீட்டுக்காரி, நாற்பது வருஷச் சிநேகிதி.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"முடியுற வரைக்கும் கேட்டா. எனக்கு நேரம் வந்துடுச்சான்னா. நான் வாயைத் திறக்கல. சுவர்ப் பக்கம் திரும்பிட்டா. மூணு நாளாச்சு. கஞ்சி இறங்கல. மருமக என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துறா."

ஆலிமா தன் முன்னாலிருந்த குர்ஆனை மூடி வைத்தாள்.

"நான் போய் அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"சொன்னது போதும் லாத்தா. நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் மருமகள் ஆலிமாவுக்காகக் கதவைத் திறந்தாள். பின்னால் நின்ற ராவியாவையும் விட வேண்டியதாயிற்று.

ஆலிமா தலைமாட்டுக்குப் போகவில்லை. கட்டிலின் ஓரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஸலாம் சொன்னாள்.

"ஜுலைகா லாத்தா, ஒரு உதவிக்கு வந்தேன். எனக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேளுங்க."

சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது.

"போகப்போறவகிட்ட வந்து கேக்குறியளே."

"நோயாளி துஆ, வானத்து மலக்குமார் துஆ மாதிரி. உங்களுக்குத் தெரியாததா?"

"உங்களுக்கு என்ன குறை?"

"எட்டு வருஷமா புள்ளை இல்ல."

ராவியா மூன்று வருஷமாக ஆலிமாவிடம் ஓதுகிறாள். அவள் வாயிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டதில்லை. கேட்கவும் ராவியாவுக்குத் தோன்றியதில்லை.

கட்டில் முனகியது. ஜுலைகா இந்தப் பக்கம் திரும்பினாள். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. கைகளை ஏந்தப் பார்த்தாள். ஒன்றுதான் மேலே வந்தது. அந்த ஒரு கையை ஏந்தியபடி வெகுநேரம் உதடு அசைந்தது.

ஆலிமா ஆமீன் சொல்லி எழுந்தாள். நோயாளி வீட்டில் அதிகநேரம் உட்காருவது அவள் வழக்கமில்லை. கூடவே ராவியாவும் எழுந்தாள்.

"நீங்க இரிங்க லாத்தா. நீங்க இன்னும் ஒண்ணும் கேக்கலையே."

ஆலிமா போய்விட்டாள்.

"நீ என்ன கேக்க வந்தே?" என்றாள் ஜுலைகா.

"மாப்பு. என்னை மன்னிச்சிடு."

"அது எப்பவோ கொடுத்தாச்சு. வேற கேளு."

ராவியா முந்தானை நுனியைத் திருகினாள். கேட்க ஒன்று இருந்தது. அதைக் கேட்க வாய் கூசியது.

"நான் ஓதுனது சரியா இருந்துச்சா?"

ஜுலைகா அவளை உற்றுப் பார்த்தாள்.

"நாலு ஆயத்தை முழுங்கிட்டே."

"எங்கே?"

"செத்த பூமியை உயிராக்குறது வரைக்கும் ஒழுங்கா வந்தே. அடுத்து இரவு வரணும், சூரியன் வரணும், நிலா வரணும், ரெண்டும் ஒண்ணையொண்ணு முந்தாம ஓடணும். நீ நேரே கப்பல்ல ஏறிட்டே."

"பூமி, இரவு, கப்பல் எல்லாம் ஒரே மாதிரிதானே தொடங்குது."

"ஓதத் தெரியாதவளுக்கு எல்லாமே ஒரே மாதிரிதான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"நீ எனக்கு மவுத்து ஓலை வாசிக்கிறே. அதுக்கு நான் திருத்தம் வேற சொல்லணுமா?"

ராவியாவுக்குச் சிரிப்பு வந்தது. முடிவதற்குள் அது அழுகையாகிவிட்டது. அது அடங்கும் வரை ஜுலைகா பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"குறையா ஓதி என்னை அனுப்பிடாதே, ராவியா. என்னைத் தூக்கி உட்கார வை. ஓது."

இரவைப் பற்றிய ஆயத்து ராவியாவுக்கு இரண்டு இடத்தில் சறுக்கியது. ஜுலைகா மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள். நான்காம் தடவை சரியாக வந்தது. ராவியா அடுத்ததற்கு வாயெடுத்தாள்.

"நிறுத்து. சூரியன் நாளைக்கு."

"இன்னைக்கே ஓதிடறேனே."

"நாளைக்கு வா," என்றாள் ஜுலைகா. பிறகு மருமகளைக் கூப்பிட்டு, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டாள்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, ரமலான் பிறை ஆறு, வெள்ளிக்கிழமை, நண்பகல் லுஹருக்குக் கொஞ்சம் முன்னால் ஜுலைகா மவுத்தானாள். தலைமாட்டில் ராவியா ஓதினாள். எண்பத்து மூன்று ஆயத்து.