ஆறாவது போர்டு

"இதுல நாலு ஜிபி இருக்கு டீச்சர்," என்றபடி ஆரோக்கியசாமி ஐந்தாவது போர்டைக் கவரிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம்தான். அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர். மற்ற நான்கும் ஏற்கெனவே பக்கத்தில் வரிசையாக இருந்தன.

நசீமா சோல்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தாள்.

"இதுக்கு என்ன சார் குறை?"

"குறைன்னு ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் இதைவிட நல்லதா ஒண்ணு வருதாம். அதுவரைக்கும் பொறுக்கலாமா, இதையே வச்சு முடிச்சுடலாமான்னு..."

அடுத்த மேசையில் ட்ரோனுக்கு இறக்கை மாட்டிக்கொண்டிருந்த இன்னொரு மாணவன் கோவர்த்தனன் சிரித்தான். "சார் கீழே கடை போடப் போறாரு டீச்சர். நாமெல்லாம் இனிமே அவர்கிட்டதான் வாங்கணும்."

ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. அவர் சிரித்து நாளாகிவிட்டது.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். நசீமாவுக்கு முப்பத்தொன்று. ரிச்சி தெருவில் ஓர் உதிரிபாகக் கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுத்தாள். முதல் நாள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டாள். அவர் டீச்சர் என்று கூப்பிட்டதும் சாருக்கு மாறிக்கொண்டாள்.

சித்திரையில் ஒரு நாள் அவர் மனைவி பிலோமினா தனியாகத் தெருவில் இறங்கிப் போய்விட்டாள். மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருட்டுகிற நேரத்தில் பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் இங்கே வர ஆரம்பித்தார். கதவு திறந்தால் தெரிய வேண்டும். அதற்கு ஒரு கருவி.

முதல் போர்டு, கரண்ட் போய் வந்தால் விழித்துக்கொள்ள நாற்பது விநாடி எடுத்தது. நாற்பது விநாடியில் பிலோமினா தெருமுனைக்குப் போய்விடுவாள். இரண்டாவதில் மெமரி கார்டு கெட்டுப்போனது. மூன்றாவதில் கேமரா மாட்ட இடமில்லை. நான்காவது சூடானது. ஒவ்வொன்றோடும் ஒரு மாதம், வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்திருந்தார்.

நசீமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. விரல் நீளத்துக்கு மாஸ்கிங் டேப்பைக் கிழித்து மேசை விளிம்பில் ஒட்டுவாள். கருவி என்ன செய்ய வேண்டும் என்பதை மாணவர் அந்த நீளத்துக்குள் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை எந்தப் போர்டின் பேரையும் எடுக்கக் கூடாது. ஆரோக்கியசாமி வயதில் மூத்தவர் என்று இத்தனை நாள் அவரிடம் அதைக் கேட்காமல் விட்டிருந்தாள். இன்று கிழித்து ஒட்டினாள்.

அவர் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தார். கதவில் கேமரா. வருகிறவர் போகிறவர் முகம் பார்க்க வேண்டும். பிலோமினா முகம் என்றால் மட்டும் போனுக்குச் செய்தி. டேப்பில் இடம் தீர்ந்தது. மேசையில் எழுதப் போனார்.

நசீமா டேப்பை உரித்துக் கசக்கினாள். இன்னொன்று ஒட்டினாள்.

"கதவு ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்குது சார்?"

"நிறைய."

"நிறையன்னா?"

அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

"பகல்ல பூட்டிப் பார்த்தேன் டீச்சர். கையால போட்டு இடிக்கிறா. கை வீங்கிப்போச்சு."

"பூட்டச் சொல்லல. எண்ணச் சொல்றேன். பத்து தடவை கத்துற அலாரத்தை மூணாவது நாள் நீங்களே பிடுங்கிப் போட்டுடுவீங்க. ஒரு வாரம் எண்ணிட்டு வாங்க. போர்டு பேச்சு அப்புறம்."

அவர் ஐந்து போர்டுகளையும் ஒவ்வொன்றாகக் கவரில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது, சின்னப் பொண்ணு, இவளுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. தோன்றியதே அலுப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் முன்பே வந்துவிட்டார். பிலோமினாவுக்குத் துணையாக அவள் தங்கை பன்னிரண்டு மணிவரைக்கும்தான் வீட்டில் இருப்பாள். கையில் நான்காக மடித்த ஒரு காகிதம் மட்டும் இருந்தது.

நசீமா பிரித்துப் பார்த்தாள். திங்கள், செவ்வாய் என்று கிழமைகள் எழுதிக் கட்டம் போட்டிருந்தது. புதன்கிழமைக்கு நேரே இரண்டு கோடுகள். மற்றதெல்லாம் காலி.

"வாரம் வீணாப்போச்சு டீச்சர்."

"ஏன்?"

"வாசல்கிட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவளும் ஒரு நாற்காலியை இழுத்துட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்துட்டா. பட்டாணி குடுத்தேன், உரிச்சுக்கிட்டு இருந்தா. கதவுப் பக்கமே திரும்பல."

"நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்க. செவ்வாய்க்கிழமையும் அதேதான்."

"புதன்?"

"எனக்குப் பொறுக்கல. எண்ணிக்கை இல்லாம இங்க எப்படி வர்றதுன்னு, பின்னறையில போய் போர்டு முன்னாடி உட்கார்ந்துக்கிட்டேன். கதவுச் சத்தம் மட்டும் கேட்டா போதுமே. கேட்டுச்சு. எழுந்து போய்ப் பார்த்தேன். திறந்து வச்சுட்டுத் தெருவைப் பார்த்து நிக்கிறா. கூட்டிட்டு வந்து உட்கார வச்சேன். அரை மணிக்கெல்லாம் மறுபடியும். ஏம்மா திறக்குறேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எங்க வீட்டுக்காரர் இன்னும் டூட்டி முடிஞ்சு வரலியேன்னு சொன்னா."

கோவர்த்தனன் ஸ்க்ரூ டிரைவரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"என்கிட்டயே சொல்றா டீச்சர். நீங்க உட்காருங்க, அவர் வந்ததும் சொல்றேன்னு."

கீழே தெருவில் யாரோ ஒயர் விலை கூவிக்கொண்டிருந்தான். ஆரோக்கியசாமி காகிதத்தை வாங்கி மறுபடியும் நான்காக மடித்தார்.

"வியாழக்கிழமையிலிருந்து வாசல்லயேதான் உட்கார்ந்திருக்கேன். காய்கறிக்குப் போனா கூடவே கூட்டிட்டுப் போறேன். ஆனா முடியல டீச்சர். இடுப்பு போகுது. ஒரு மனுஷன் குளிக்கவாவது வேண்டாமா?"

"எவ்வளவு நேரம் குளிப்பீங்க?"

"பத்து நிமிஷம்."

நசீமா டேப்பைக் கிழித்து, அதில் தானே 'குளிக்கிற பத்து நிமிஷம்' என்று எழுதி மேசை விளிம்பில் ஒட்டினாள். இழுப்பறையைத் திறந்து தபால்தலை அளவுக்கு ஒரு போர்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேமரா வருமா இதுல?"

"வராது."

"போனுக்குச் செய்தி?"

"போகாது."

"கரண்ட் போய் வந்தா?"

"உடனே விழிச்சுக்கும்."

"என்னதான் செய்யும்?"

"கதவு திறந்தா கத்தும்."

"ஆறு மாசம் டீச்சர்," என்றார் அவர். "ஆறு மாசமா அலைஞ்சது இதுக்குத்தானா?"

"பத்து நிமிஷத்துக்கு இது போதும் சார்."

நசீமா எழுந்து, தன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த மேசை ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.