பட்டமரத்தில் பழம் காட்டிய இருவாச்சி

மேகம் தவழும் மலைக்காட்டில் பொன்மூக்கன், தேமா என்று ஓர் இருவாச்சிப் பறவைத் தம்பதி வாழ்ந்தார்கள். முட்டையிடும் காலம் வந்தது. தேமா ஒரு நெடுமரத்தின் பொந்துக்குள் புகுந்தாள். உள்ளே இருந்தபடியே வாசலை மண்ணால் பூசி அடைத்தாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டாள். பிறகு தன் சிறகுகளையும் உதிர்த்துவிட்டாள்!

இனி குஞ்சுகள் வளரும்வரை அவளால் பறக்க முடியாது. கணவன் ஊட்டினால்தான் சாப்பாடு. அவ்வளவு நம்பிக்கை!

பொன்மூக்கன் விடிந்ததும் கிளம்புவான். தொண்டை நிறைய அத்திப்பழம் சுமந்து வந்து, ஒவ்வொன்றாகக் கீறல் வழியே ஊட்டுவான். சில வாரத்தில் இரண்டு குஞ்சுகள் பொரிந்தன.

ஒருநாள் வழியில் ஒரு பட்டமரத்தில் இளைப்பாறினான். அங்கே குரங்குகளும் மைனாக்களும் கூடியிருந்தன. அவன் ஒரு பழத்தை அலகு நுனியில் எடுத்தான். வெயிலில் அது மின்னியது.

"அடடா! யாருக்கு இது?"

"என் தேமாவுக்கு!"

"உன்னைப் போல ஒரு கணவன் உண்டா!"

அந்தப் பேச்சு அவனுக்கு இனித்தது. மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். எல்லாப் பழத்தையும் காட்டினான். பாதி கீழே விழுந்தது. விழுந்ததைக் குரங்குகள் தின்றன.

சில நாளில் கூட்டத்துக்கு அத்தி சலித்தது. "புதிதாக ஒன்றும் இல்லையா?" என்றது ஒரு மைனா. உடனே அவன் இரண்டு மலை தாண்டிப் பறந்து ஊதாப் பழம் தேடினான். பொந்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தொண்டையில் மிச்சம் இரண்டே பழம்.

"இவ்வளவுதானா?" என்றாள் தேமா.

"காடே உன்னைப் பற்றித்தான் பேசுகிறது, தெரியுமா!"

"பேசட்டும். பிள்ளைகளுக்குப் பசிக்கிறது."

அவன் காதில் அது ஏறவில்லை.

ஒரு காலை, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு மலை அணில் ஓடிவந்தது. "பொன்மூக்கா! உன் பொந்தில் சத்தமே இல்லையே!"

"அது இருக்கட்டும், ஊதாப் பழத்தை இன்னொரு முறை காட்டு!" என்று குரங்குகள் கத்தின.

பொன்மூக்கன் பழத்தைப் போட்டுவிட்டுப் பறந்தான். கீறலில் தேமாவின் அலகு தெரியவில்லை. கண்ணை வைத்து உள்ளே பார்த்தான். எலும்பும் தோலுமாக அவள் சரிந்து கிடந்தாள். ஒரு குஞ்சு உயிரற்றுக் கிடந்தது. மற்றொன்று அவள் வாயிலிருந்து கடைசிப் பழத்தை வாங்கிக்கொண்டிருந்தது. தன் பங்கை அவள் தொடவே இல்லை!

அவன் கீறலோடு முகத்தை ஒட்டிவைத்தான். "ஏன் என்னைக் கூப்பிடவில்லை?"

"கூப்பிட்டேன். உன்னைச் சுற்றி ஒரே ஆரவாரம்."

அவன் அழுதான். பிறகு ஓயாமல் அத்தி சுமந்தான். பட்டமரத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒருநாள் தேமா சுவரைக் கொத்தி உடைத்தாள். புதுச் சிறகோடு வெளியே வந்தாள். பின்னாலேயே குஞ்சு எட்டிப் பார்த்தது, தள்ளாடியது, ஆகாயத்தில் பாய்ந்தது! அந்தச் சின்னச் சிறகுகளின் ஓசையில் பொன்மூக்கன் மெய்மறந்து நின்றான்.

"அங்கே என்ன? எங்களுக்கும் சொல்லேன்!" என்று ஒரு மைனா கூவியது.

பொன்மூக்கன் குஞ்சிடமிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டில் ஒருவர் நமக்காகக் காத்திருக்கும்போது, ஊருக்குப் படம் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது.