ஆலங்காட்டு ராஜாவின் ஒரே பொன்னாடை

ஆலங்காட்டு மருத்துவமனையில் முள்ளம்பன்றி முத்தழகி நர்ஸாக இருந்தது. ஒன்பது மழைக்காலமாக அதற்கு ஒரே கோரிக்கை. "கையைக் கழுவுங்க!" கேட்டவர்கள் சிரித்தார்கள். அது மறுபடியும் கத்தும்.

அங்கே கடைசிக்கு முந்தைய படுக்கையில் ஓநாய் ஒண்டியப்பன் கிடந்தது. காலில் சீழ்ப்புண். ஏழு நாள் மருந்தை இரண்டே நாளில் நிறுத்திவிட்டது. கசக்கிறதாம்! மிஞ்சிய கிருமிகள் முரடாகி, எந்தப் பச்சிலைக்கும் அடங்க மறுத்தன. "இவனைத் தனிக் குடிசையில வையுங்க!" என்று முத்தழகி நான்கு மனு கொடுத்தது. ஆனால் அந்தக் குடிசை நிறைய ராஜாவுக்கான வரவேற்பு மாலைகள்!

கடைசிப் படுக்கையில் புள்ளிமான் செவ்வந்தி. அன்று காலைதான் அதன் வயிற்றில் தையல் போட்டிருந்தார்கள். ஓநாயின் கிருமி அந்தத் தையலுக்குள் புகுந்தால் மான் பிழைக்காது.

சிங்கராஜா நோயாளிகளைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் பொன்னாடை போர்த்தினார். காகங்கள் கைதட்டின. இருந்ததோ ஒரே பொன்னாடை! காரியதரிசி நரி பின்னாலிருந்து அதை உருவி, ராஜாவிடமே திரும்ப நீட்டியது.

"எனக்குப் போட்டதை ஏம்ப்பா உருவுற?" என்றது கரடி.

"அடுத்த படுக்கைக்கும் மரியாதை வேணாமா, அண்ணே!"

ஓநாயின் முறை வந்தது. பொன்னாடை நழுவி அதன் புண்ணில் புரண்டது. ராஜா தம் கையாலேயே அதைச் சரிசெய்தார். நரி உருவியது. எல்லோரும் மானை நோக்கித் திரும்பினார்கள்.

முத்தழகி குறுக்கே நின்றது. "ராஜா, முதல்ல கையைக் கழுவுங்க!"

"ராஜா கையையே அழுக்குங்கிறியா?" நரி சீறியது.

"ராஜா கையில ஏறக் கூடாதுன்னு கிருமிக்குச் சட்டம் போட்டிருக்கியா, நரியாரே?"

காகங்கள் கைதட்டிவிட்டு, பிறகு பயந்து நிறுத்தின. நரி பல்லைக் கடித்தது. முத்தழகிக்கு ஒரு யோசனை வந்தது.

"சரி ராஜா! ஒன்பது மழைக்காலம் உழைச்சிருக்கேன். முதல்ல எனக்குப் போர்த்துங்க!"

ராஜா உச்சி குளிர்ந்து போர்த்தினார். முத்தழகி முட்களைச் சிலிர்த்தது. பொன்னாடை நார்நாராகக் கிழிந்தது. ராஜாவின் உள்ளங்கையில் மூன்று முட்கள்!

"ஐயோ! ரத்தம்!"

"ஓநாய்ப் புண்ணைத் தொட்ட கையாச்சே, ராஜா! இப்போ அதுல ஓட்டையும் விழுந்திருக்கு."

ராஜா தண்ணீர்த் தொட்டிக்குப் பாய்ந்தார். பூந்திக்கொட்டை நுரை பிடரிவரை ஏறியது. பொழுது சாயும்வரை கழுவினார். அன்றே மாலைகள் வெளியே போயின, ஓநாய் தனிக் குடிசைக்குப் போனது.

பத்தாம் நாள் செவ்வந்தி துள்ளிக்கொண்டு வீடு திரும்பியது. வாசலில் நரி ஒரு பலகை மாட்டிக்கொண்டிருந்தது: 'மாமன்னர் கண்டுபிடித்த கைகழுவும் திட்டம்!'

முத்தழகி அதை இரண்டு முறை படித்தது.

"பேரை நீங்களே வெச்சுக்குங்க. உள்ளே வர்றதுன்னா கையைக் கழுவிட்டு வாங்க, நரியாரே!"

நீதி: மாலை வாங்கும் கையானாலும், கழுவாமல் நோயாளியைத் தொட்டால் அது கிருமி ஏறிவரும் பல்லக்குதான்.