ஏழாம் கட்டிலின் மூச்சு

ஏழாம் கட்டில் காலியாகி இரண்டு நாளாயிற்று. சகாயராணி அதன் விரிப்பை மாற்றினாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். உருவியெடுத்து மறுபடியும் விரித்தாள்.

எமரன்ஸ் சிஸ்டர் வார்டு வாசலில் நின்று அதைக் கவனித்தார். அந்தக் கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்துபவர் அவர்.

"விரிப்பு என்ன பாவம் செஞ்சது, பிள்ளே?"

சகாயராணி நிமிரவில்லை.

"படிப்பு எனக்கு வேண்டாம், சிஸ்டர். பெட்டி கட்டி வச்சிட்டேன்."

"என் அறைக்கு வா."

அப்போது ஒரு ஆள் கையில் துணிப்பையோடு வேகமாக வந்தார். ஏழாம் கட்டில் குழந்தையின் அப்பா. அவசரத்தில் விட்டுப்போன பிளாஸ்க்கை எடுத்துப் போக வந்திருந்தார்.

"புள்ள எப்படி இருக்கு?" என்றார் சிஸ்டர்.

"பெரிய ஆஸ்பத்திரில குழா வச்சுதான் மூச்சு விடுறான், சிஸ்டர். இன்னைக்குக் குழாயை எடுத்துப் பாக்காகளாம். பன்னெண்டு மணிக்குள்ள டாக்டர் உங்களுக்குப் போன் போடுவாராம்." பிறகு சகாயராணியைப் பார்த்தார். "சின்ன சிஸ்டரு, நீங்கதான் நாலு தடவ வந்து அவன் கையப் புடிச்சுப் பாத்தியளாம். எம் பொஞ்சாதி சொல்லிச் சொல்லி அழுதா."

அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். சகாயராணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அறையில் சிஸ்டர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"நாலு தடவை போனேன், சிஸ்டர். நாலு தடவையும் மூச்சை எண்ணலை."

"சார்ட்டில் முப்பத்திநாலுன்னு இருந்ததே."

"எட்டு மாசக் குழந்தைக்கு முப்பதிலிருந்து நாப்பது. மறுநாள் பரீட்சைக்கு அதைத்தான் மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அட்டவணையைச் சொல்லிப் பார்த்தேன். பாடத்தில இருந்ததை எழுதிட்டேன்."

ஐந்தாம் முறை சிஸ்டரே எண்ணியிருந்தார். அறுபத்தாறு. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

"பரீட்சையில் அந்தக் கேள்வி வந்ததா?"

"வந்தது."

"எத்தனை மார்க் கிடைக்கும்?"

"முழு மார்க், சிஸ்டர்."



"உன் மகளுக்கு என்ன வயசு இப்போ?"

"பத்து மாசம். அக்கா வீட்டில இருக்கா. அவ அப்பா கப்பல்ல."

"போன ஞாயிறு போனியே. அவகூட என்ன செஞ்சே?"

"மடியில வச்சுக்கிட்டுப் படிச்சேன். பக்கத்தைக் கிழிச்சா. கையில ஒண்ணு போட்டேன். தவழ்ந்து அக்காகிட்ட போயிட்டா. அப்புறம் எவ்வளவோ கூப்பிட்டேன், வரலை. அக்கா முதுகுக்குப் பின்னால மூஞ்சியை மறைச்சுக்கிட்டா."

"திங்கட்கிழமை வார்டில?"

"அவ மூஞ்சியையே நெனச்சுக்கிட்டிருந்தேன். அது மறந்தா பரீட்சை ஞாபகம். எம் பிள்ளைக்கு இப்படி ஒரு நர்ஸ் வாய்ச்சிருந்தா? அதை நெனச்சா பயமா இருக்கு. பிள்ளையா, படிப்பா? எதை விடணும்னு நீங்களே சொல்லிடுங்க, சிஸ்டர்."

சிஸ்டர் தன் வலது கையை நீட்டினார்.

"கையைக் கொடு."

சகாயராணி உட்கார்ந்து கையைக் கொடுத்தாள். சிஸ்டர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். அங்கியில் குத்தியிருந்த கடிகாரத்தை இடது கையால் திருப்பிப் பிடித்தார்.

மேசையில் போன் அடித்தது.

சகாயராணி திடுக்கிட்டாள். சிஸ்டரின் விரல்கள் அசையவில்லை. போன் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

போன் மறுபடியும் அடித்தது. அவள் கையை இழுக்கப் பார்த்தாள். பிடி இளகவில்லை. முழுவதும் அடித்து அது ஓய்ந்தது.

சிஸ்டர் கையை விட்டார்.

"நாடி நூறுக்கு மேல இருக்குமே, சிஸ்டர்?"

"நாடியை நான் எண்ணலை. மூச்சு முப்பது. அழுகையை அடக்குறே. மூணு இடத்தில் நின்னு நின்னு வந்தது."

முதல் வருடம் சிஸ்டரே சொல்லிக் கொடுத்ததுதான். மூச்சை எண்ணுவதாகச் சொல்லிவிட்டால் மூச்சு மாறிவிடும். நாடியைப் பிடித்தபடியே நெஞ்சைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம், முழுதாக. சகாயராணி அதைப் பரீட்சையில் இரண்டு முறை எழுதியிருக்கிறாள். தன் கையிலேயே அதை உணர்ந்தது இன்றுதான்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிஸ்டர் காத்திருந்தார்.

"போன் அந்தப் பையன் விஷயமாத்தான் இருக்கும், சிஸ்டர்," என்றாள் கடைசியில்.

"ஆமா. இருக்கும்."

"ரெண்டு நாளா நீங்க சரியாச் சாப்பிடக்கூட இல்லைன்னு சமையல்கார அக்கா சொன்னாங்க. இந்த ஒரு போனுக்காகத்தானே காத்துக்கிட்டு இருந்தீங்க!"

"ஆமா."

"ரெண்டு தடவை அடிச்சுதே. உங்களுக்குக் கேட்கலையா?"

"கேட்டது."

"அப்புறம் ஏன் எடுக்கலை?"

போன் மூன்றாம் முறை அடிக்கத் தொடங்கியது. சிஸ்டர் எழுந்தார். போனை எடுக்கக் கை நீட்டினார்.

"உன் மூச்சை எண்ணிக்கிட்டிருந்தேன், அம்மா."