கல் முட்டுக் கொடுத்த கொடிகள்

கொடைக்கானல் பிரசவ ஆஸ்பத்திரியில் பச்சைப்பிள்ளைகள் குளிரில் நடுங்கின. ஆறடி ஆழத்தில் குழாய் பதித்து, மண்ணுக்குள் இருக்கும் வெதுவெதுப்பை வார்டுக்குக் கொண்டுவர ஏற்பாடானது. பெரிய இன்ஜினியர் தாமோதரன் வரைபடத்தை மட்டும் பார்த்தே, குழாய் இறங்கவேண்டிய இடங்களைக் காட்ட, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த மேட்டில் இருபது அடையாளத் துணிக்கொடிகள் நடச்சொல்லிவிட்டார்.

தோட்டவேலைக்காரி சின்னக்கிளி, "ஐயா, அங்க குழாய் இறங்காதுங்க" என்றாள்.

"நீ எந்தக் காலேஜ்ல படிச்ச? ஒரு குழிகூடத் தோண்டாம இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

பக்கத்தில் நின்ற டாக்டரம்மா எஸ்தருக்கே திக்கென்றது. சின்னக்கிளியின் மூன்று பிள்ளைகளுக்கு அவள் சம்பளம்தானே கஞ்சி, ஆண்டவரே!

சின்னக்கிளி கைகட்டி நின்றாள். "குழி வேண்டாங்க. ஒரே ஒரு சந்தேகம். எல்லாக் கொடிக்கும் அடியில எதுக்குங்கய்யா கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்திருக்கு?"

"கொடிக்குச்சி மண்ணுல இறங்கலையாம். நான்தான் கல்லு வைக்கச் சொன்னேன்."

"ஒரு சாண் குச்சியே இறங்காத இடத்துல ஆறடிக்குக் குழாய் இறங்குமாங்க?"

டாக்டரம்மா ஓடிப்போய்க் கற்களை விலக்கினார். அடியில் வெறும் பாறை. இருபது இடத்திலும் பாறை!

"ஐயோ, நாளைக்கு இதையா வெட்டப் போனோம்!" என்று நெஞ்சில் கைவைத்தவர், கொடிகளை வாரிச் சின்னக்கிளியிடம் கொடுத்தார்.

"நீயே இடம் பார்த்து நடும்மா. சார், நீங்க குச்சி அடிக்கச் சுத்தியலை எடுத்துக்கிட்டு இவ பின்னாடியே போங்க."