கட்டாத பாலம்

முன்னொரு காலத்தில், பாலம் கட்டுவதென்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் ராஜா ஒருவர் இருந்தார். அரண்மனைச் சிற்பி வச்சிரதேவர் மலையாற்றின் மேல் அவருக்காக எழுப்பிய கல்பாலத்தை முதல் வெள்ளமே அடித்துக்கொண்டு போயிற்று. சற்று மேலே, மலைமக்களின் வேர்ப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது.

சிற்பிக்கு வயிறு எரிந்தது. "பிரபு, காட்டுவாசிகள் தங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம்" என்று ராஜாவின் காதில் ஓதினார்.

ராஜா கொதித்தெழுந்தார். "நம் உத்தரவில்லாமல் கட்டிய பாலம் ஒன்றுகூட நாளை பொழுது சாய்வதற்குள் இருக்கக்கூடாது!"

"அந்த வேலையை விகடகவி சொக்கேசனிடம் விடலாம், பிரபு. தவறினால் தலை போகட்டும்" என்றார் சிற்பி. சபையில் தம்மை ஓயாமல் கிண்டல் செய்யும் வாயை அடைக்க இதைவிட நல்ல சமயம் ஏது?

சொக்கேசனுக்குத் தன் தலை மேல் ஆசைதான். ஆனால் அந்த வேர்ப்பாலம் போனால், மழைக்காலம் முழுக்க மலைமக்கள் சந்தைக்கோ வைத்தியரிடமோ வர வழியில்லை. தலையே போனாலும் அதில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

"'கட்டிய' பாலம் என்பதுதானே உத்தரவு, மன்னா?"

"ஆமாம், கட்டிய பாலம்தான்!" என்று உறுமினார் ராஜா.

மறுநாள் மாலை சிற்பி இடுப்பளவு சேற்றோடு சபைக்குள் ஓடிவந்தார். "பிரபு! அகழி தாண்டி என் வீட்டுக்குப் போக நான் கட்டியிருந்த பாலத்தை இந்தப் பாவி இடித்துவிட்டான்!"

"அதற்கு உத்தரவு வாங்கினீரா?" என்று கேட்டான் சொக்கேசன். சிற்பி குனிந்து வேட்டியிலிருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினார்.

"மலைப்பாலம் என்ன ஆயிற்று?" என்றார் ராஜா.

"அதை யாரும் கட்டவில்லை, மன்னா. அதில் ஓர் ஆணி, ஒரு முடிச்சு காட்டுங்கள். தலையை நானே தருகிறேன்."

விடிந்ததும் ராஜா எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்த் தடவித் தடவிப் பார்த்தார். வேரோடு வேர் பின்னிக் கிடந்ததே தவிர, ஆணியும் இல்லை, முடிச்சும் இல்லை. குடைந்த பாக்குமரத் தண்டுக்குள் இளம் ஆலம்வேர் ஒன்றை நுழைத்துக்கொண்டிருந்தாள் மாதி என்ற மலைப்பெண்.

"நாங்க எங்க கட்டினோம், சாமி? எங்க முப்பாட்டன் மரம் நட்டாரு. வேருக்கு வழி காட்டுறோம், அது பாட்டுக்கு அக்கரைக்குப் போவுது" என்றாள்.

"வேலை எப்போது முடியும்?" என்று கேட்டார் ராஜா.

"முடியறதா? இன்னும் வளருதுங்களே!"

ராஜாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. "சொக்கேசா, என்ன பரிசு வேண்டும்?"

"ஓர் ஆலங்கன்று போதும், மன்னா. சிற்பியார் வீட்டு அகழிக்கரையில் நடவேண்டும். பாவம், பாலமில்லாமல் தவிக்கிறார்."

"அது வளர எத்தனை வருஷமாகும்?"

"அம்பது ஆவும், சாமி" என்றாள் மாதி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேர்ப்பாலத்தின் மேல் யாரும் கை வைக்கக்கூடாதென்று அங்கேயே ஆணையிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசன் கழுத்தில் போட்டார். எல்லோரும் மகிழ்ச்சியாக வீடு திரும்பினார்கள். வச்சிரதேவர் மட்டும் அகழிக்கரையில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.