சென்னியப்பன் விற்ற கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் மடத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்தார்.

மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோயமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பாக்குத் தோப்புக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு கிணறு. அதை நடத்திவந்த அம்மையாருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் மடத்தம்மா என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும், சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை அண்ணா என்பார். புதிதாக வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் குழம்புவார்கள், பிறகு பழகிவிடும்.

மடத்தம்மா கிணற்றடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நடந்து வர்றீங்க. வண்டி எங்கீங்கண்ணா?"

"குடுத்துட்டனுங்கம்மா."

"ரிப்பேருக்கா?"

"இல்லீங்க. வித்துட்டனுங்க."

மடத்தம்மா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

அந்தக் காரை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பழைய பியட். முன்கதவு இரண்டும் மற்ற கார்களுக்கு நேர்மாறாகத் திறக்கும் அந்தக் காலத்து மாடல். யாரோ ஒருவருடைய அரிசி ஆலைக் கொட்டகையில், சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில், சென்னியப்பன் அதைக் கண்டெடுத்தார். பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. விடுமுறை நாளெல்லாம் காருக்கு அடியில்தான் படுத்துக் கிடப்பார். ஒரு ஹெட்லைட் வளையத்துக்காக பம்பாய்வரை ரயிலேறிப் போய் வந்தார். மழை தூறினால் கொடியில் காயும் துணியை அப்படியே விட்டுவிட்டு, காரை மூடத்தான் முதலில் ஓடுவார். வேலைக்குப் போவது ஸ்கூட்டரில். கார் வெளியே கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை மடத்துக்கு மட்டும், இல்லாவிட்டால் மடத்தம்மாவை எங்காவது கூட்டிப்போக.

"ஏனுங்க வித்தீங்க?"

"வீடு வாங்கறமுங்க. அப்பார்ட்மெண்ட்டுல ஒரு ஃப்ளாட்டு. கல்யாணமான நாள்லருந்து வாடகை வீடுதானுங்களே. முன்பணத்துக்குக் காசு பத்தல. விக்கறதுக்குன்னு எங்கிட்ட வேற என்னங்க இருக்குது?"

"சுலோச்சனா கேட்டாங்களா?" என்றார் மடத்தம்மா, அவர் மனைவியைச் சொல்லி.

"இல்லீங்க. அவ ஒரு வார்த்தை கேக்கல." சென்னியப்பன் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். "நானாத்தானுங்கம்மா துறந்தேன்."

"துறந்தீங்களா, வித்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"காசு வாங்கினீங்கல்ல?"

"வாங்கினனுங்க."

"அப்ப வித்ததுதான். அதுல ஒண்ணும் தப்பில்லீங்கண்ணா. இருந்து சாப்பிட்டுப் போங்க."

சென்னியப்பன் கூடத்துக்குள் போகவில்லை. கிணற்று மேடையில் உட்கார்ந்தார்.

"பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனாருங்க. நல்லாத்தான் ஓட்டினாரு. தெருமுனையில திரும்பறப்ப..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டார். தேறி முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு காருக்காகவா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். மடத்தம்மா சிரிக்கவில்லை.

"வெறும் இரும்புதானுங்களே அம்மா. விட்டுட்டேன். விட்ட பொறகும் ஏனுங்க விட மாட்டேங்குது?"

மடத்தம்மா கீரையை மறுபடி கையில் எடுத்தார்.

"புது வீட்டுக்கு எப்பப் போறீங்க?"

"ஆவணியில பால் காய்ச்சறமுங்க."

"போய்க் குடியிருங்க. அப்பறமா ஒரு நாளைக்குக் கூப்பிடுங்க. வந்து பதில் சொல்றேன்."

ஆவணி வந்தது, பால் காய்ச்சினார்கள். மடத்தில் அன்று ஏதோ வேலை, மடத்தம்மாவால் போக முடியவில்லை.

சென்னியப்பன் ஞாயிறு தவறாமல் பஸ்ஸில் வந்தார். கூடத்தில் கூடுகிறவர்களுக்குள் அவருக்குத் தனி மரியாதை ஏற்பட்டிருந்தது. யார் புதிதாக வந்தாலும், 'இவருதான், வீட்டுக்காரம்மாவுக்காகக் காரையே குடுத்தவரு' என்று சுட்டிக்காட்டினார்கள். சென்னியப்பன் தலையைக் குனிந்துகொள்வார். பிறகு காரைப் பற்றி மெதுவாக ஆரம்பிப்பார். வாரத்துக்கு வாரம் அவர் பேச்சில் அந்த இஞ்சினின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, பெயிண்ட்டின் பளபளப்பு கூடிக்கொண்டே போனது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கேட்டுக் கண் கலங்கினார்.

"இந்த வாரம் கார் எப்படீங்கண்ணா இருந்துச்சு?" என்று ஒரு நாள் மடத்தம்மா கேட்டார்.

சென்னியப்பனுக்குப் புரிந்தது, முகம் சிவந்துவிட்டது.

"பேசினா மனசு ஆறும்னு பாக்கறனுங்கம்மா."

"ஆறுதுங்களா?"

"இல்லீங்க."

சென்னியப்பனுக்கு உள்ளூர வருத்தம்தான். பதில் சொல்கிறேன் என்றவர் இன்னும் சொல்லவில்லையே என்று.

புரட்டாசியில் ஒரு வேலைநாளன்று சுலோச்சனா தனியாக வந்தார். ஒரு சீப்பு கதலிப் பழமும் வெற்றிலை பாக்கும் கொண்டுவந்திருந்தார். ஆயுத பூஜைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைக்க வந்ததாகச் சொன்னார்.

"அவரு கூப்பிடறதுக்குக் கூச்சப்படறாருங்க. அதான் நானே வந்தேன்."

"புது வீடு எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்கம்மா. காத்து வருது, தண்ணி வருது. அவருதான் வர்றதில்ல."

"எங்க போறாரு?"

"எங்கயும் போறதில்லீங்க. கீழதான் இருப்பாரு." சுலோச்சனா சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு சொன்னார். "கார் நிறுத்தறதுக்குன்னு கட்டடத்துக்கு அடியில ஒரு எடம் வாங்கிப் போட்டிருக்காருங்க."

"காரு?"

"ஏதுங்க காரு?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். முதலில் சிரிப்பை நிறுத்தியவர் சுலோச்சனா.

"சமையலறைக்கு அலமாரி அடிக்கறதுக்குன்னு வெச்சிருந்த பணமுங்க அது. எதுக்குங்கன்னு கேட்டேன். பின்னால வீட்ட விக்கறப்ப நல்ல வெல கெடைக்கும்னாரு. சரீன்னுட்டேன். பாத்திரமெல்லாம் அட்டைப்பெட்டியிலயே கெடக்குது. வேலை முடிஞ்சு வந்தா மேல வர்றதுக்கு முந்தி அங்க போயி, ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்குவாரு. போன் பண்ணிக் கூப்பிட்டாத்தான் சாப்பிட வருவாரு."

"கோவமுங்களா?"

"கோவப்பட முடிஞ்சா நல்லாயிருக்குமுங்களே. எனக்காகக் காரையே குடுத்தவருன்னு ஊரே சொல்லுது. அவருகிட்ட நான் என்னன்னு சண்டை போடறது?"

சுலோச்சனா வெற்றிலையை எடுத்து மடித்தார், பிரித்தார்.

"வாடகை வீட்டுல ஒரு ஆணி அடிக்கறதுன்னாலும் ஓனரைக் கேக்கோணும். என்னோட வீடுன்னு ஒண்ணு வந்தா யாரையும் கேக்காம இருக்கலாம்னு நெனச்சேன். இப்பவும் யார் வீட்டுலயோ இருக்கற மாதிரியே இருக்குதுங்கம்மா. ஒரு சாமானை எடுத்து வெக்கறதுக்குக் கூட கை வர மாட்டேங்குது. அவரு குடுத்தது இதுக்குத்தானான்னு தோணிருது. காரை விக்காமலே இருந்திருக்கலாமுங்க. வாடகை வீட்டுலயாவது என்னோட இருந்தாரு."

மடத்தம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாக்குத் தோப்பில் யாரோ மட்டை இழுத்துப் போகும் சத்தம் கேட்டது.

"ஆயுத பூஜைக்கு வர்றனுங்க," என்றார்.

ஆயுத பூஜையன்று நகரத்தில் வண்டிகளெல்லாம் மாலையும் வாழைக்கன்றுமாகப் போய்க்கொண்டிருந்தன. முச்சந்தி ஒவ்வொன்றிலும் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. மடத்தம்மாவை ஆட்டோ அப்பார்ட்மெண்ட் வாசலில் இறக்கிவிட்டபோது, சென்னியப்பன் வேட்டி சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாகக் கேட்டருகே காத்திருந்தார். கையில் கம்பெனியில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலம்.

"வாங்கம்மா வாங்க. லிஃப்ட் இந்தப் பக்கமுங்க."

லிஃப்ட்டுக்குப் போகிற வழி கார்களுக்கு நடுவே இருந்தது. ஒவ்வொன்றும் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டு நின்றது. ஓரிடத்தில் மட்டும் கார் இல்லை. தரை மட்டும் நன்றாகக் கழுவப்பட்டிருந்தது. சுவரோரம் ஒரு ஸ்பானர் பெட்டி, அதற்குச் சந்தனம் குங்குமம். முன்பக்கம் வலது கைப் பக்கமாக, காரில் டிரைவர் உட்காரும் இடத்தில், சுவரைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சக்கரங்கள் நிற்க வேண்டிய இடங்களில் நான்கு எலுமிச்சம்பழங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு.

மடத்தம்மா நின்றார்.

"சும்மாதானுங்கம்மா," என்றார் சென்னியப்பன். "வருசா வருசம் வெச்ச கை. வெக்காம இருந்தா என்னமோ மாதிரி இருந்துச்சு. மேல போலாம் வாங்க."

மடத்தம்மா லிஃப்ட் பக்கம் போகவில்லை. எலுமிச்சம்பழத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு இடது பக்கமாகப் போனார். நாற்காலிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டார். கண் ஆஸ்பத்திரிக்கோ ரயிலடிக்கோ சென்னியப்பன் காரில் கூட்டிப்போகும்போதெல்லாம் அவர் அந்தப் பக்கம்தான் உட்காருவார்.

"அம்மா, தரையில... வேண்டாமுங்க."

"நீங்களும் உக்காருங்கண்ணா."

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் சென்னியப்பன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பொரிகடலையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து பிளாக்குக்காரர் ஒருவர் அந்த வழியாகப் போனவர், இருவரையும் பார்த்து நடையைக் கொஞ்சம் மெதுவாக்கி, பிறகு போய்விட்டார். சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது.

"எங்கீங்கண்ணா போறோம்?" என்று கேட்டார் மடத்தம்மா.

"எங்க போறதுங்கம்மா? முன்னால செவுருதான் இருக்குது."

"ஆமாங்க. நானும் பாத்தேன்."

சென்னியப்பன் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மா உட்கார்ந்திருக்கும்போது எப்படி எழுவது? மேலே பால்கனியிலிருந்து சுலோச்சனாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க! அம்மா வந்துட்டாங்களா? எலை போட்டாச்சு!"

சென்னியப்பன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"கூப்பிடறாங்க," என்றார் மடத்தம்மா.

"கேட்டுச்சுங்க."

"உங்களைத்தான் கூப்பிடறாங்க."

"போலாமுங்கம்மா. சோறு ஆறிப் போயிரும்."

"போலாம்." மடத்தம்மா எழவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுலோச்சனாவே இறங்கி வந்தார். கைகள் ஈரமாக இருந்தன, முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். அந்த இடத்தருகே அவர் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. நாற்காலியையும் ஸ்பானர் பெட்டியையும் பார்த்தார். நான்கு எலுமிச்சம்பழங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தரையில் மஞ்சள் பெயிண்ட்டில் கோடு போட்டிருந்தது. அவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

சென்னியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அடுத்த வீட்டு வாசலில் நின்று எதையோ இரவல் கேட்க வந்தவரின் முகமாக இருந்தது அது.

"இவ கேக்கலீங்கம்மா," என்றார் சென்னியப்பன். "நானாத்தான் வித்தேன். இந்த வீட்டுக்காகத்தான் வித்தேன். ஆனா அந்த வாசப்படி ஏறறதுக்குக் கால் வர மாட்டேங்குது. பதில் சொல்றேன்னீங்க. நானும் ரொம்ப நாளா காத்துட்டு இருக்கேன்."

மடத்தம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரைத்தான் குடுத்துட்டனேம்மா. இன்னும் நான் என்னத்தக் குடுக்கோணும்?"

"காரு போயிருச்சுங்கண்ணா," என்றார் மடத்தம்மா. "நீங்க இன்னும் எறங்கல."